பல்லிழந்த முறி

ஆங்கில ஆவணங்களில் ‘இண்டெஞ்சர்’ என்றொரு சொல் வழங்குகின்றது. நம் நாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பெறும் விலையாவணங்களும் குத்தகை முறிகளும் பல, ‘இந்த இண்டெஞ்சர் இன்ன ஆண்டு இன்ன திங்கள் இன்ன நாளில் எழுதப்பெற்றது’ என்னும் தொடரோடு தொடங்குவதை இன்றும் காணலாம். கையடக்க அகரமுதலிகள் பெரும்பாலும் இதற்கு ‘ஒப்பந்தம்’ என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அவ்வாறு கடந்துபோகத் தக்க சொல் அன்று இது. நம் இனத்தாரில் சில இலக்கம் பேரைக் கடல் கடத்திக் கரும்புக் கொல்லைகளில் இறக்கிய சொல் இது. தமிழன் ஒருவன் தனக்கு விளங்காத தாளில் கைந்நாட்டு வைக்கும் இடந்தோறும், பெயர் மாறி இன்றும் உயிரோடிருக்கும் சொல்லும் இதுவே. ஆகலின் இத்திங்கள் இச்சொல்லின் பொருளையும் அது வழங்கிய வரலாற்றையும் சற்றே விரித்துரைக்க விழைகின்றோம்.

இலத்தீன் மொழியில் ‘தென்சு’ என்றால் பல். பல் மருத்துவரைக் குறிக்கும் ‘டென்டிசுட்டு’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. இடைக்கால இங்கிலாந்தில் இருவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால், எழுத்தன் ஒரே தோலின்மேல் அவ்வாசகத்தை இருமுறை எழுதுவான். இரண்டுக்கும் இடையே விட்ட வெற்றிடத்தில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் பொறித்து, அதன் ஊடே கத்தியை அலையலையாகவோ பல்பல்லாகவோ ஓட்டித் தோலை இருகூறாக்குவான். ஒருகூறு ஒருவர்க்கு, மறுகூறு மற்றவர்க்கு. பின்னாளில் பூசல் எழுமாயின் இருவரும் தத்தம் கூற்றைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டல் வேண்டும். பல்லோடு பல் பொருந்தினால் முறி மெய், பொருந்தாவிடின் பொய். பல் வெட்டப்பெற்றது என்பதே ‘இண்டெஞ்சர்’ என்னும் சொல்லின் முதற்பொருள்.

இதற்கு மறுதலையாக, ஒருவரே தம்பொருட்டு எழுதிக்கொடுக்கும் ஆவணத்தைப் பல் வெட்டாமல் ஓரம் நேராக மழித்துவிடுவர். பெயர் மாற்றிக்கொள்ளும் ஆங்கிலேயர் இன்றும் எழுதிவைக்கும் ‘டீடு போல்’ என்பது அவ்வகையினது. இவ்வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பல் இருந்தால் இருவர் முறி. பல் இல்லையேல் ஒருவர் முறி.

தமிழில் இதற்கு ஒப்பான சொல் இல்லையோ எனின், உண்டு. முறி என்பதே அது. முறித்தல் என்றால் ஒடித்தல், துண்டாக்கல். ஓலையை முறித்தெடுத்த நறுக்கு முறி. அதன்மேல் எழுதப்பெற்ற உடன்படிக்கையும் முறி. கடன்முறி, விலைமுறி, அடிமைமுறி என்றெல்லாம் நம் முன்னோர் வழங்கினர். நறுக்கு, துண்டு என்னும் சொற்களும் வெட்டுப்பட்ட ஓலையிலிருந்தே எழுத்தாவணப் பொருளுக்கு ஏறியவை என்பது எம் துணிபு. இங்கே நாம் ‘பாண்டு’ என்று ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்க, ஈழத் தமிழர் இச்சொல்லை விடாது காத்து வருகின்றனர். 2015-ஆம் ஆண்டு இலங்கை நடுவண் வங்கியின் கடன் பத்திர விற்பனை பற்றிப் பெரும்பூசல் எழுந்தபோது, அங்கத்தைத் தமிழிதழ்கள் அதனைப் ‘பிணைமுறி’ என்றே எழுதின. அங்கே செய்தித்தாள் படிக்கும் எளியவர்க்கும் அச்சொல் விளங்கிற்று.

மூலம் ஒருவரிடமும் படி மற்றொருவரிடமும் இருத்தல் வேண்டும் என்னும் அறிவும் நமக்குப் புதிதன்று. சேக்கிழார் பெருமான் உரைக்கும் சுந்தரர் வரலாற்றை நினைக. மணப்பந்தலில் வந்து வழக்கிட்ட முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உண்டு என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அம்மூலவோலையை வாங்கி, அதிலுள்ள பாட்டனார் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். அசல், நகல் என்று நாம் இன்று சொல்வனவற்றுக்கு மூலவோலை, படியோலை என்னும் இனிய சொற்கள் அங்கே கிடைக்கின்றன. அங்கே எழுதப்பெற்றது ஆளோலை, அஃதாவது அடிமை ஓலை, என்பதையும் நாம் மறைக்கவில்லை. தமிழில் எழுதினால் அடிமைத்தனம் உரிமையாகிவிடும் என்று யாரும் மயங்கவேண்டா. ஆயின் அவ்வழக்கில் எதிர்வழக்கர்க்கு ஓலையின் மொழி தெரியும், அவையத்தார்க்கும் தெரியும். என்ன எழுதியிருக்கின்றது என்பதில் ஐயம் இல்லை. மெய்யா பொய்யா என்பதிலேயே வழக்கு.

இனி, பல் விழுந்த கதைக்கு வருவோம். ஆங்கில நாட்டுப் பாராளுமன்றம் 1845-இல் இயற்றிய நிலவுடைமைச் சட்டமொன்றில், இண்டெஞ்சர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆவணம், பல்லாக வெட்டப்படாவிடினும் இண்டெஞ்சர் ஆகவே கொள்ளப்படும் என்று விதித்துவிட்டனர். கத்தியின் வேலை போயிற்று. பெயர் மட்டும் நின்றது. தற்செயலாக நேர்ந்ததே எனினும், அக்காலத்தில்தான் அப்பெயர் நம் மக்கள் தலைமேல் வந்து வீழ்ந்தது. ஆங்கில அரசு அடிமைமுறையை ஒழிக்க 1833-இல் சட்டம் செய்தது. 1834-இலேயே மொரீசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலிகளை இண்டெஞ்சரில் ஏற்றத் தொடங்கினர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்று தென்னாப்பிரிக்க நேட்டாலின் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். அற்றைச் சேலம் மாவட்டத்திலிருந்து சென்றோரும் அவருள் உண்டு. நம் தருமபுரியும் பாலக்கோடும் 1965 வரை அச்சேலம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன என்பதை இளைஞர் பலர் அறியார்.

முறியில் இருந்தது என்ன? ஐந்தாண்டு வேலை. நேட்டாலில் முதலாண்டு திங்களுக்குப் பத்துச் சில்லிங்கு. ஆண்டுக்கொரு சில்லிங்கு உயர்வு. இவையெல்லாம் தாளில் இருந்தன. முதலாளியை விட்டு நீங்கினால் என்ன ஆகும் என்பதே உயிர்நிலை. ஏனைய வேலைக்காரன் ஒருவன் வேலையை விட்டு நின்றுவிட்டால், முதலாளி அவன்மேல் உரிமையியல் வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம், அவ்வளவே. இண்டெஞ்சர்க் கூலி நின்றுவிட்டாலோ அது குற்றம், சிறை. உடன்படிக்கையை மீறிய முதலாளிக்குச் சிறை உண்டா என்று கேளாதீர். ஒருபுறம் மட்டுமே கடிக்கும் இம்முறியை ‘இருவர் முறி’ என்று பெயரிட்டு அழைத்தனர்.

1894-இல் தர்பனில் வழக்கறிஞர் தொழில் தொடங்கியிருந்த காந்தியாரிடம், கந்தல் உடையும் கையில் பிடித்த தலைப்பாகையுமாய்த் தமிழர் ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். வெள்ளை முதலாளி அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் பேசியது தமிழ். காந்தியார்க்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் வாயிலாகவே அவர் குறை கேட்கப்பெற்றது. காந்தியார் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்று நடுவரிடம் அழைத்துச் சென்றார். அம்முதலாளியிடமிருந்து அவரை விடுவித்துத் தர அவரால் முடிந்தது, ஆயின் எவ்வாறு? முறியை வேறொரு முதலாளி பெயர்க்கு மாற்றித்தான். அடி வாங்கியவர்க்கும் அம்முறியிலிருந்து விடுதலை இல்லை. இண்டெஞ்சர் என்னும் சொல்லின் வேர் பல் என்பதை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் போதெல்லாம், அப்பாலசுந்தரத்தின் வாய் எம் கண்முன் வந்து நிற்கும்.

பிசித்தீவுக்கு நம்மவரைச் சென்னையிலிருந்து ஏற்றத் தொடங்கியது 1903-இல். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சில்லிங்கு, பெண்ணுக்கு ஒன்பது பென்சு என்பது முறி. 1915-இல் அங்குச் சென்று ஆராய்ந்த ஆண்ட்ரூசும் பியர்சனும் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இம்முறையின் வேரையே ஆட்டியது. கூலிக்குக் காட்டப்பெற்ற தாளில் வேலை நேரம் இருந்தது, கூலி இருந்தது, தண்டனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது தீவின் சட்டத்தில் ஒளிந்திருந்தது. இதனை நன்கு கருதவேண்டும். தாளைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. தாளுக்கு வெளியே மறைந்திருக்கும் பொருளையும் பெயர்த்துச் சொன்னால்தான் கைந்நாட்டு கைந்நாட்டாகும். ‘அக்ரிமெண்டு’ என்னும் சொல்லை அம்மக்கள் ‘கிர்மிட்டு’ என்று திரித்து, தம்மைக் ‘கிர்மிட்டியர்’ என்று சொல்லிக்கொண்டனர். மொழி நூலார் அதனைச் சொற்சிதைவு என்பர். ஒப்புக்கொள்ளுதல் என்னும் பொருள் அதிலிருந்து கழன்று விழுந்துவிட்டமையால், அச்சிதைவே மெய்யான மொழிபெயர்ப்பு என்பேம். 1917-இல் ஆள் ஏற்றுமதி நின்றது. 1920 சனவரி முதல் நாள் பிசியில் எஞ்சியிருந்த முறிகளும் நீக்கப்பெற்றன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இண்டெஞ்சர் இல்லை, கங்காணி முறைதான் இருந்தது என்று சிலர் ஆறுதல் கூறுவர். அங்கே இருந்தது ‘துண்டு’. தொழிலாளர் பட்ட கடன் இவ்வளவு, இதனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்தான் அக்கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். கடனோடு ஆளும் கைமாறினான். 1921-இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பெற்றது. தமிழ்ச்சொல் ஒன்று ஆங்கிலச் சட்ட நூலில் ஏறியதே என்று மகிழ்வதா? அவ்வாறு ஏறிய சொற்கள் வேறும் உள. இந்திய அரசு 1976-இல் இயற்றிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில், எவ்வெப் பெயரால் வழங்கினும் இஃது ஒழிந்தது என்று நாட்டிலுள்ள அடிமைப் பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்தியுள்ளனர். அவ்வரிசையில் படியாள், பண்ணையிலாள், வெட்டி என்பன நிற்கின்றன. சட்டத்தின் வாசகம் அனைத்தும் ஆங்கிலம். அடிமையின் பெயர் மட்டும் தமிழ்.

கடல் கடவாதவர்க்கும் இதே வலை இங்கே விரிக்கப்பெற்றிருந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வாராத தொழிலாளியை நடுவர் முன் நிறுத்தி, பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையைச் செய்யுமாறோ ஆணையிடவும், கேளாவிடின் மூன்று திங்கள் வரை கடுஞ்சிறையில் அடைக்கவும் முதலாளிகட்கு வழிசெய்தது. 1925-இல்தான் அதனை நீக்கச் சட்டம் வந்தது. சட்டம் நீங்கிற்று, முன்பணம் நீங்கவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் எம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கற்சூளைக்கும் கல்லுடைப்புக்கும் செல்கின்றவர்களைக் கேளுங்கள். ‘அட்வான்சு எடுத்திருக்கிறோம்’ என்பர். கையெழுத்திட்ட தாள் எங்கே என்றால், ‘மேத்திரியிடம் இருக்கின்றது’ என்பர். மகளின் திருமணத்துக்கு மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவோம் என்று சொல்லி இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துச் சென்ற திட்டங்களிலும் இவ்வாறே. ஆங்கிலேயன் பல்லை மட்டும் எடுத்தான். நம்மவரோ மறுகூற்றையே கொடுப்பதில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 13-ஆம் பிரிவு இசைவு என்றால் என்ன என்று வரையறுக்கின்றது: இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புதலே இசைவு. ஆங்கிலேயர் நமக்குத் தந்த சட்டங்களுள் இதனைப்போல் செறிவான வரையறை வேறு காணல் அரிது என்போம்; நல்லதை நல்லதென்று சொல்லத்தானே வேண்டும். ஆயின் ஒருவர்க்கு ஒரு மொழியிலும் மற்றவர்க்கு அவர் அறியாத மொழியிலும் அப்பொருள் இருக்குமாயின், ஒரே கருத்து எங்கிருந்து வரும்?

அண்மையில் எம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படமொன்றைக் கொண்டுவந்து, ‘ஐயா, இதில் ஆப்சன் என்று இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?’ என்று வினவினார். மாந்தோப்புக் குத்தகைத் தாள். நான்கு பக்கம், நான்கும் ஆங்கிலம். கடைப்பக்கத்தில் அவர் தந்தையாரின் இடக்கைப் பெருவிரல் வரி. மூன்று பருவத்துக்குக் குத்தகை என்று வாயால் பேசியிருக்கின்றனர். தாளிலோ, குத்தகையாளர் விரும்பின் அதே தொகைக்கு மேலும் மூன்று பருவம் நீட்டித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ‘ஆப்சன்’ என்பது அவ்விருப்பம், அது குத்தகையாளர்க்கு மட்டும் உரியது, தோப்புடையார்க்கு இல்லை. படி கொடுக்கப்படவில்லை, அதனால்தான் கைப்பேசிப் படம். நல்வாய்ப்பாக ஊர்ப் பெரியவர்கள் இருந்து பேசியதில் அவ்வரி நீக்கப்பெற்றது. வழக்கு மன்றம் ஏறியிருந்தால்? எழுத்தில் முடிந்த உடன்படிக்கையை வாய்மொழிச் சான்றால் மாற்றவோ மறுக்கவோ இயலாது என்பது சான்றுச் சட்டத்தின் பொது நெறி. ஏமாற்று, வஞ்சம் என்று மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. மெய்ப்பிக்கும் சுமை கைந்நாட்டு வைத்தவர் தலையில். 1872-ஆம் ஆண்டின் அச்சான்றுச் சட்டத்துக்கு மாற்றாக 2024 சூலை முதல் நாளிலிருந்து வந்துள்ள சட்டமும் இந்நெறியை அப்படியே வைத்துக்கொண்டது. பெயரை மட்டும் ‘பாரதிய சாட்சிய அதினியம்’ என்று மாற்றிக்கொண்டது. முன்பு ஆங்கிலத்தில் விளங்காதது இனி வடமொழியில் விளங்காது போகும்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னும் வேடிக்கையானது. பதிவு அலுவலர்க்கு விளங்காததும் அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காததுமான மொழியில் ஆவணம் வந்தால், மொழிபெயர்ப்பும் படியும் இன்றி அவர் அதனை ஏற்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் விளங்க வேண்டியவர் யார்? நிலத்தை இழப்பவரா, முத்திரை குத்துபவரா? எழுதிக்கொடுப்பவர்க்கு விளங்கியதா என்று கேட்கும் பிரிவு ஒன்றும் அதனோடு ஒட்டி இல்லை. உயர்நயமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டும் எனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியும் அது நிறைவேறவில்லை. அது பெரும்போர், நடக்கட்டும். பாலக்கோட்டுக் கடைத்தெருவில் ஆவண எழுத்தர் மேசைமேல் எழுதும் தாளுக்குத் தில்லியின் ஒப்புதல் வேண்டுவதில்லை.

தமிழில்தானே ஆவணம் எழுதுகின்றனர் என்பீர். அத்தமிழைப் பாருங்கள். ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன்’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’, ‘தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’. விற்கவும் கொடுக்கவும் ஒற்றிவைக்கவும் முழு உரிமையோடு வழிவழியாக என்று எழுதினால் எந்தப் பதிவு அலுவலர் மறுப்பார்? எமக்குத் தெரிந்த வரை ஒருவரும் இல்லர். சோழர் காலக் கல்வெட்டு ஆவணங்களில் ‘எம்மிலிசைந்த விலைப்பொருள்’ என்றொரு தொடர் மீண்டும் மீண்டும் வரும். எமக்குள் நாங்கள் இசைந்துகொண்ட விலை என்பது அதன் பொருள். 13-ஆம் பிரிவு ஒரு வரியில் சொன்ன இசைவையும், வழக்கறிஞர் ‘கன்சிடரேசன்’ என்று சொல்லும் மறுபயனையும் மூன்று சொற்களில் அடக்கிவிட்டனர். நாற்புறத்து எல்லையைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று குறித்து, பணம் முற்றும் பெற்றுக்கொண்டமைக்குப் ‘பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை’யும் இதுவே ஆகுக என்று முடித்தனர். அக்கல்வெட்டுகளிலும் வடசொல் உண்டு, மறுக்கவில்லை. எனினும் நிலத்தை விற்றவன் தான் விற்றதையும் பெற்றதையும் அதில் படித்துணர முடிந்தது.

ஒப்பந்தம் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கேட்கின்றனர். அதன் பின்பகுதி ‘பந்தம்’ என்னும் வடசொல் என்பார் உளர். தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சொல் உண்டு. முன்பகுதியாகிய ஒப்பு நம்முடையது. அச்சொல்லோடு நாம் சண்டையிட வரவில்லை. விரும்புவோர் உடன்படிக்கை என்றும் இசைவுமுறி என்றும் எழுதலாம். சண்டை அதனை இண்டெஞ்சர்க்கு எழுதுவதில்தான். பல் வெட்டிய பழைய முறியை இணைமுறி என்க. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய முறியை ஆள்முறி என்க. பாடநூல்களில் ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று படிக்கும் பிள்ளைகள், அவர்கள் ஒப்பித்தான் போனார்கள் என்றே எண்ணுகின்றனர். ஆள்முறிக் கூலிகள் என்று அவர்கட்குச் சொல்லிக்கொடுக்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றோம்.

இவ்விதழ் படிக்கும் அன்பர்கள் இனிக் கடனுக்கோ குத்தகைக்கோ வேலைக்கோ எழுதும் முறி எதுவாயினும், தமிழில் இருபடி எழுதி, ஒருபடி கைந்நாட்டு வைப்பவர் கையில் கொடுத்த பின்னரே சான்றொப்பம் இடுக. உறவினர், அண்டை வீட்டார் சான்றுக்கு அழைத்தாலும் இதனைக் கேட்டு வாங்குக. எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, எழுதிக்கொடுப்பவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்க. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கிரயம் என்னுமிடத்து விலை என்றும், போக்கியம் என்னுமிடத்து ஒற்றி என்றும், சாமீன் என்னுமிடத்துப் பிணை என்றும் எழுதச் சொல்லுக. எழுத்தர் தயங்கினால், வழக்கமான சொல்லைப் பக்கத்தில் எழுதிக்கொள்ள விடுக. அதற்காக அவரோடு பகை வேண்டா.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பென்னாகரம் பக்கத்து வீடுகளில் பழைய ஓலைமுறிகளும் முத்திரைத்தாள் முறிகளும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றிலுள்ள சொற்களையும் அவை வரும் தொடர்களையும் மட்டும் படியெடுத்து, ஆட்பெயரும் நிலக்குறிப்பும் நீக்கி, எமக்கு விடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். திரட்டியவற்றை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.